கை நனைத்தல்

இலை போட்டாகிவிட்டது, இனி எழுந்திருக்க முடியாது. எழுந்தால் ஏன் என்று கேட்பார்கள், உட்கார்ந்திருந்தால் கேட்காமலும் போகலாம். சண்முகத்தாய் கெட்டிக்காரி. என் இலையை மட்டும் அடுப்படியிலேயே கழுவித் துடைத்துக் கொண்டுவந்து போட்டாள், புருஷனுக்குச் செய்கிற மரியாதை என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் உள்ளங்கையில் தண்ணீர் சாய்த்து இலையில் தெளித்து வழித்துவிடுகிறார்கள். எத்தனை விரல்கள், எவ்வளவு சுலபமாக. என் வலது கை மேசைமேல் இலைக்குப் பக்கத்தில் கிடக்கிறது. நான்தான் இடது கையால் தூக்கி அங்கே வைத்தேன், எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு இடம் தேடிக்கொண்டிருந்தபோது. தூரத்திலிருந்து பார்த்தால் பசியோடு காத்திருக்கிற கை மாதிரிதான் இருக்கும். பக்கத்திலிருந்து பார்த்தால்? செண்பகராஜ் பக்கத்தில்தான் இருக்கிறார். சண்முகத்தாயின் ஏற்பாட்டின்படி அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்விசிறிக் காற்று இந்தப் பக்கம்தான் வருகிறது என்று வலப்பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார். சாத்தூரில் ஹார்டுவேர் கடை, பெரிய உடம்பு, பெரிய குரல். அவருக்கு அப்பால் அவர் மகன் மாரீஸ்வரன், கோயம்புத்தூரில் பம்பு கம்பெனியில் என்ஜினியர். எதிர் வரிசையில் செண்பகராஜின் அக்கா பாப்பாத்தியம்மாள், அந்த வீட்டில் அவர் சொல்தான் சொல் என்று தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், வாடகைப் பந்தலுக்குக் கீழே, வைகாசி வெயிலில், என் மகள் அனுசுயாவை மருமகளாக எடுப்பதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள். இன்னும் எடுத்துவிடவில்லை. கோவில்பட்டி சாத்தூர்ப் பக்கம் இதில் ஒரு கண்டிப்பு உண்டு. பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் காபி குடிக்கலாம், பஜ்ஜி தின்னலாம், அதெல்லாம் பேச்சில் சேராது. சோற்றில் கை நனைத்தால் சம்மதம். நனைத்த பிறகு பின்வாங்கினால் ஊர் காறித் துப்பும். நனைக்காமல் எழுந்துபோனால் யாரும் எதுவும் கேட்க முடியாது. எத்தனையோ கல்யாணங்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பேச்சில் முறிந்து, சோறு அப்படியே மாட்டுத்தொட்டிக்குப் போனதை நானே பார்த்திருக்கிறேன். ஆகவே அவர் கை முதலில் நனைய வேண்டும். அதன் பிறகு என் கையைப் பற்றி என்ன தெரிந்தாலும் தெரியட்டும். அதுவரை நான் என் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். அதுவரை இன்னும் எவ்வளவு நேரம். கூட்டு வைக்கிறார்கள், பொரியல் வைக்கிறார்கள், சண்முகத்தாயின் தம்பி அப்பளத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறான், வை, எங்கேயாவது வைத்துத் தொலை.

நாலு பேர் முன்னால் உட்கார்ந்து தின்ன வேண்டாமா நாளைக்கு, என்பார் அப்பா. மில் கேட்டில் வாட்ச்மேன், காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னோடு தரையில் உட்கார்வார். என் இடது கையைத் துண்டால் சுற்றி என் அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் அம்மாவைச் சோறு போடச் சொல்வார். அடித்ததில்லை. அடித்திருந்தால் அவரை வெறுத்து அந்தக் கையை வைத்துக்கொண்டிருப்பேனோ என்னவோ. கட்டும்போது இறுக்குகிறதா என்று கேட்பார், இறுக்கினால் தளர்த்துவார், சாப்பிட்டு முடித்ததும் அவிழ்த்து, துண்டு பதிந்த தடத்தில் கட்டைவிரலால் நீவிவிடுவார். அம்மா அதை இடது கை என்றே சொல்லமாட்டாள், பீச்சாங்கை என்பாள், அந்தக் கைக்கு உலகத்தில் ஒரே வேலைதான் என்கிற மாதிரி. வலது கையால் சோற்றை அள்ளினால் பாதி வாய்க்கு, பாதி மடிக்கு. அழுதால் அப்பா, பழகிரும்டா, பழகாதது எது இருக்கு, என்பார். பழகியது. எது பழகியது? கை பழகியதா, கட்டு பழகியதா? துண்டு இல்லாமலே இடது கை மடியில் கிடக்கக் கற்றுக்கொண்ட நாள் எது என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரிந்திருக்காது, ஒருநாள் துண்டை எடுக்க மறந்திருப்பார், அவ்வளவுதான். பிறகு எழுத்து, பிறகு கும்பிடு, பிறகு போஸ்ட் ஆபீஸில் உத்தியோகம், வலது கையால் முத்திரை குத்திக் குத்தி தோள்பட்டை இறங்கிப்போயிற்று. நாலு பேர் யார் என்று மட்டும் யாரும் காட்டவே இல்லை. சின்ன வயதில் நிஜமாகவே தேடியிருக்கிறேன், கல்யாண வீடுகளில், எந்த நாலு பேர் என்று. தனியாக இருக்கும்போது, மத்தியான நேரம் கவுன்டரில் ஆள் இல்லாதபோது, முத்திரையை இடது கைக்கு மாற்றி ஒரு கட்டுக் கவரைக் குத்துவேன். வட்டம் வழுவாது, தேதி கலங்காது, மை ஒரே சீராக விழும். வலது கை எத்தனை வருஷம் குத்தியும் அப்படி ஒன்றுகூடக் குத்தியதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் முத்திரை வலது கைக்குப் போய்விடும். திருடியது எதுவும் இல்லை, ஆனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

சாம்பார் இன்னும் வரவில்லை. செண்பகராஜ் எதிர் வரிசையில் யாரிடமோ சிமெண்டு விலை பேசுகிறார். பேசட்டும். பேசுகிறவர் பார்க்கமாட்டார். தை மாதம் காலையில் பல் தேய்க்கப் போனவன், பிரஷ் வாயை விட்டு விலகிக் காதுக்குப் போனதைக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன். சிரிப்பும் ஒரு பக்கம்தான் வந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சு கொஞ்சம் இழுத்துத் திரும்பிவிட்டது, கை மட்டும் திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணுக்கு அனுசுயா வயதுதான் இருக்கும். ஒரு துணி உறையை எடுத்து என் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் கட்டினாள். நல்ல கை சும்மா இருந்தாத்தான் சார், சீக்கு வந்த கை வேலை கத்துக்கும், சாப்பிடும்போது கட்டாயம் கட்டிருங்க, என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, அடக்கவே முடியவில்லை, உறைக்குள் விரல்கள் கிடந்து துடிக்கின்றன, நான் கேவுகிறேன். இந்த நோயில இப்படித்தான் சார் காரணமில்லாம அழுகை வரும், பயப்படாதீங்க, என்று அவள் சண்முகத்தாயைப் பார்த்துச் சொன்னாள். காரணமில்லாமல். கட்டி வைத்து உண்டாக்கிய கை செத்துவிட்டது, கட்டிப்போட்ட கை பிழைத்துக்கொண்டது, அதைப் பிடித்து மறுபடியும் கட்டுகிறார்கள். அப்பா கட்டாமல் விட்டிருந்தால் அந்தக் கையோடு வளர்ந்திருக்கக்கூடிய ஒருவன் இருக்கிறானே, அவன் எப்படி நடப்பான், யாருக்குப் பயப்படுவான், யாரைக் கட்டியிருப்பான், எதைச் சரி என்பான்? எனக்கு அந்த ஆளைத் தெரியாது. என் கையெழுத்து, என் பணிவு, கூட்டத்தில் ஓரமாக நிற்கிற என் பழக்கம், மேலதிகாரி முன்னால் சட்டென்று குனிகிற கழுத்து, எல்லாம் அந்தத் துண்டிலிருந்து வந்தது என்றால் நான் என்று எதைச் சொல்வது. சண்முகத்தாய் இதையெல்லாம் யோசிக்கவில்லை. அவள் யோசித்தது ஒன்றுதான். பெண்ணைப் பெத்தவனுக்குப் பக்கவாதம்னு தெரிஞ்சா, பரம்பரைச் சீக்கும்பாங்க, நாளைக்குச் சொமக்கணுமேன்னு யோசிப்பாங்க, மூச்சு விடாதீங்க. கார்த்திகையில் பெண் பார்த்துவிட்டுப் போனவர்களை இத்தனை மாதம் தள்ளிப்போடுவதற்கு எட்டயபுரத்துப் பங்காளி ஒருவரைச் சாகடித்தோம், துக்கம் என்றோம், அவர் பாவம் நன்றாகத்தான் இருக்கிறார். அனுசுயா மட்டும் காலையில் என் அறைக்கு வந்து, வேட்டி முடிச்சைச் சரிசெய்துகொண்டே, நீங்க இடது கையாலயே சாப்பிடுங்கப்பா, என்றாள். இதுல ஒளிக்க என்ன இருக்கு? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. சொன்னா அந்த வீடு எனக்கு வேண்டாம். அவளும் இடது கைக்காரிதான். எழுதுவது, காய் நறுக்குவது, கரண்டி பிடிப்பது, போனைத் தட்டுவது எல்லாம் இடதில், சாப்பிடுவது மட்டும் வலதில். அவள் காலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்தார்கள். அவளுடைய சோற்றுக் கையை மாற்றியது சண்முகத்தாய், ஒரு வாரத்தில் மாற்றினாள், அந்த வாரம் முழுக்க நான் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் நின்றேன். அனுசுயா இப்போது, சொன்னால் சொன்னதைச் செய்துவிடுகிறவள். அதுதான் என் பயம். இருபத்தெட்டு முடியப்போகிறது, இதற்கு முன்னால் வந்தவை எல்லாம் ஜாதகத்தில் போயின, இந்தப் பையனை அவளுக்கே பிடித்திருக்கிறது, போனில் பேசும்போது குரல் இறங்குவதை நான் கேட்டிருக்கிறேன். அதை என் ஒரு கவளம் கெடுத்துவிடக் கூடாது.

பருப்பு விழுந்துவிட்டது, நெய்யும் விழுந்துவிட்டது. ஆரம்பிக்க வேண்டியதுதான். “அண்ணாச்சி, ஆரம்பிங்க,” என்கிறார் செண்பகராஜ். “நீங்க ஆரம்பிங்க,” என்கிறேன். என் குரல் இழுக்கிறதா? “அதெப்படி, வீட்டுக்காரர் நீங்க, நீங்க கை வச்சாத்தான் எங்களுக்கு இறங்கும்.” “விருந்தாளிக்கு முன்னால கை வைக்கிறதா, நல்லா இருக்கே.” சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், சிரிப்பு நேராக வந்ததா என்று தெரியவில்லை. மரியாதை என்பது எவ்வளவு பயங்கரமான சாமான். வரிசை முழுக்க எங்கள் இருவரையும் பார்க்கிறது, யாரும் தொடவில்லை, இருபது முப்பது கைகள் இலைக்கு மேலே நிற்கின்றன. இவர்கள்தானா, நாலு பேர் என்பது இவர்கள்தானா? “சாத்தூர்க்காரன் அவசரப்பட்டுட்டான்னு பேர் வாங்கித் தராதீங்க அண்ணாச்சி,” என்கிறார். இன்னும் அண்ணாச்சிதான். கை நனைந்தால்தான் சம்பந்தி. அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கிறேன், அவரோ விடமாட்டேன் என்கிறார். வலது கையை அசைத்துப் பார்க்கிறேன். தோளிலிருந்து உத்தரவு புறப்பட்டு முழங்கை வரைக்கும் போகிறது, அதற்கப்பால் தபால் பட்டுவாடா இல்லை. சுண்டுவிரல் மட்டும் அப்பளத்தைத் தொடுகிறது. வேட்டி மடிப்புக்குள் இடது கை விழித்துக்கொண்டு இருக்கிறது, எனக்குத் தெரியும், அதற்குப் பசிக்கிறது. வேண்டாம். ஒருமுறை வடக்கேயிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார், எங்கள் ஆபீஸில் இலை போட்டுச் சாப்பாடு, மனிதர் பாட்டுக்கு இடது கையால் சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் போட்டார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். எனக்குக் குமட்டிவிட்டது, எழுந்துபோய்க் கொல்லையில் நின்றேன். அவர் விரல்கள் சுத்தமாகத்தான் இருந்தன, என்னுடையதைவிட அழகாகச் சாப்பிட்டார். எனக்கு, எனக்கே குமட்டியது. அருவருப்பைக்கூட யாரோ எனக்குள் ஊட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அது வயிற்றில் போய் என்னுடையதாகிவிட்டது, இப்போது எடு என்றால் எங்கேயிருந்து எடுப்பேன்.

“ஏலே செண்பகம், சோறு ஆறுது, என்னல பேச்சு? சின்னப் பிள்ளையளா நீங்க ரெண்டு பேரும், நீ முதல்ல நீ முதல்லன்னு?” பாப்பாத்தியம்மாள் எதிர் வரிசையிலிருந்து அதட்டியதும் பந்தி முழுக்கச் சிரித்தது. செண்பகராஜ், “அக்கா சொல்லியாச்சு, இனி யார் பேச்சு எடுபடும்?” என்று சொல்லிக்கொண்டே சோற்றைப் பள்ளம் செய்து, பருப்பைத் தள்ளி, பிசைந்து, ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். தொண்டை ஏறி இறங்கியது. “ம், சாப்பிடுங்க சம்பந்தி,” என்றார். முடிந்தது. அவ்வளவுதானா? படிக்கட்டுப் பக்கம் நின்ற சண்முகத்தாயின் தோள் இறங்குவது தெரிந்தது, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள், வியர்வை மாதிரி. என் மகளுக்குக் கல்யாணம். என் முதுகில் எங்கோ ஓர் ஆணி கழன்றது. மகிழ்ச்சியாகத்தான் இருக்க வேண்டும். வலது கையைச் சோற்றுக்குள் இறக்கினேன், விரல்கள் மடங்கவில்லை, புறங்கையால் சோற்றைத் தள்ள, பருப்பு மேசைக் காகிதத்தில் வழிந்து என் மடிக்கு வந்தது. இன்னொரு முறை தள்ளினேன். அப்புறம் நடந்ததை நான் செய்தேன் என்று சொல்ல முடியாது. இடது கை மேலே வந்தது. சோற்றைக் கூட்டியது, பருப்பை வேண்டிய அளவு சேர்த்தது, நெய் வாசனை மேலே வரும்படி பிசைந்தது, நுனிவிரல் தாண்டிச் சோறு ஏறவில்லை, ஒரு பருக்கை சிந்தவில்லை, உருட்டி வாய்க்குக் கொண்டுவந்தது. இத்தனை வருஷம் எங்கே படித்துக்கொண்டாய்? யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கவளம் வாயில் இருக்கிறது. ருசியாக இருக்கிறது. விழுங்க முடியவில்லை. அந்த இன்ஸ்பெக்டரின் விரல்கள், அம்மா சொல்கிற அந்தப் பெயர், மென்றுகொண்டே இருக்கிறேன், மென்றது கூழாகிறது, தண்ணீரை எடுத்துக் குடித்தால்தான் இறங்கும், டம்ளரை எந்தக் கையால் எடுப்பது.

செண்பகராஜ் என் பக்கம் சாய்ந்தார். குரலை இவ்வளவு தணிக்க அவரால் முடியும் என்று நான் நினைத்ததில்லை. “சம்பந்தி, எங்களுக்குத் தெரியும். விசாரிக்காம வருவோமா? எட்டயபுரத்து உங்க பங்காளி போன வாரங்கூட நம்ம கடையில பைப்பு வாங்கிட்டுப் போனாரு, செத்த மனுசனுக்கு விலையில கழிவு வேற கொடுத்தேன்.” வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். “சீக்கு யாருக்கு வரல? எனக்குச் சர்க்கரை, அக்காவுக்கு முட்டி. அதை நாங்க ஒண்ணும் நெனைக்கல, மனசுல வச்சுக்கிடாதீங்க.” நல்ல மனிதர். கண் கலங்கிவிட்டது எனக்கு. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அதே தணிந்த குரலில், “ஆனா அந்தக் கை மட்டும் வேண்டாம் சம்பந்தி. நாலு பேரு பாக்காங்க,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பட்டன் போடாத சட்டையைச் சுட்டிக்காட்டுவது போல, என் நல்லதுக்கென்று சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே கை மடிக்குப் போய்விட்டது. சொல்லத் தொடங்குவதற்கு முன்பே போய்விட்டதோ என்றுகூட இப்போது தோன்றுகிறது. பாப்பாத்தியம்மாளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, மறைக்கிற ஆளும் இல்லை அவர். “மாரீசு, மாமாவுக்குக் கை வரலைல்லா? எந்திச்சு ஊட்டி விடுல. நாளைக்கு மகன் மாதிரி நீதான பாக்கணும்.” பையன் தயங்கவில்லை. எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தான், என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான், என் இலையிலிருந்து சோற்றை எடுத்தான். “மாமா, கொஞ்சமா வைக்கிறேன், சூடா இருந்தா சொல்லுங்க,” என்றான். வலது கை, மோதிரம் போட்ட, சுத்தமான வலது கை. வாயைத் திறந்தேன். இறங்கியது. எந்தத் தடையும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு, முன்பு நின்றுகொண்டிருந்ததையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்கியது. என் கையில் வராத சோறு ஊரான் பிள்ளை கையில் வருகிறது. யாரோ பெண்கள், பாருங்களேன், இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா, என்கிறார்கள். சண்முகத்தாய் வெளிப்படையாகவே அழுகிறாள். நாலைந்து போன்கள் உயர்ந்துவிட்டன, எல்லாம் எங்களைப் பார்த்து. அப்போதுதான் அனுசுயா படியேறி வந்தாள், மாப்பிள்ளை வீட்டாருக்குப் பாயசம் பரிமாற அவளை அழைத்திருந்தார்கள், பட்டுப்புடவை, கையில் பாயச வாளி. எல்லோரும் ஈரக் கண்ணோடு அவளுக்கு வழி விட்டார்கள், கொடுத்து வைத்தவள் என்று யாரோ சொன்னார்கள். அவள் பையனைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே, என் மடியில், பருப்பு ஒட்டிய விரல்களோடு மடங்கிக் கிடந்த கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே வாளியைக் கீழே வைத்தாள். இவள் இப்போது பேசிவிடுவாள். என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும், அந்தக் கை வேண்டாம் என்று யார் சொன்னது என்று கேட்பாள், இத்தனை போன்களுக்கு முன்னால் கேட்பாள், கை நனைத்தாயிற்று என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவள் உதடு பிரிந்தது. “அப்பா,” என்றாள். மாரீஸ்வரன் இன்னும் அடுத்த கவளத்தை எடுக்கவே இல்லை, சாம்பார் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் அடுத்த சொல்லை எடுப்பதற்குள் நான் வாயைத் திறந்தேன். அகலமாக, கண்ணை மூடிக்கொண்டு, பறவைக் குஞ்சைப் போலத் திறந்தேன். “மாமாவுக்குப் பசியைப் பாரு, எலேய், சீக்கிரம் வையில!” என்று செண்பகராஜ் சத்தமாகச் சிரிக்க, பந்தல் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் வாயில் சோறு விழுந்தது. கண்ணைத் திறந்தபோது அனுசுயா வாளியை எடுத்துக்கொண்டு, பாப்பாத்தியம்மாளின் இலையில், வலது கையால், பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள்.